கண்ணாடிக் கடையில் தவறவிடப்பட்ட விழித்திரைக் கிழிவு: வழக்குத் தொடுக்க இடமுண்டா?

உவர்மலை மகள்

இங்கே சட்டம் படித்தவர்களும் கண் பரிசோதனைத் துறையில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள் என்பதால் என் தகப்பனாரின் விடயத்தை உங்கள் முன் வைக்கிறேன். கடையின் பெயரையோ ஆளின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. எவரும் ஊகித்து எழுதவும் வேண்டாம்.

அப்பாவுக்கு இப்போது 63 வயது. திருகோணமலையில் திருக்கடலூரில் வள்ளம் கட்டும் தச்சர். சிறு வயதிலிருந்தே குறும்பார்வை உள்ளவர். அவருடைய கண்ணாடியின் ஓரம் சோடாப் போத்தலின் அடி போலத் தடித்திருக்கும். 2024ஆம் ஆண்டு பிறந்த கையோடு, வலது கண்ணுக்கு முன்னால் நுளம்புகள் பறப்பது போலத் தெரிவதாகவும், இரவில் தலையைத் திருப்பும்போது கண்ணோரத்தில் மின்னல் வெட்டுவதாகவும் சொன்னார். அரச வைத்தியசாலையின் கண் கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் வேலை கெட்டுவிடும் என்று, ஜனவரி 6ஆந் திகதி சனிக்கிழமை நகரத்தில் உள்ள ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனார். துணைக்கு என் மகன் சென்றான். அவனுக்கு அப்போது 12 வயது.

அந்தக் கடைக்கு வாரத்தில் இரண்டு நாள் வெளியூரிலிருந்து கண் பார்ப்பவர் ஒருவர் வருகிறார். எழுத்துப் பலகையை வாசிக்கச் செய்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, “வயதுக்கு வருவதுதான், பவர் கூடியிருக்கிறது” என்று சொல்லிப் புதிய கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார். சொட்டு மருந்து விடவில்லை. வைத்தியசாலைக்குப் போகும்படி சொல்லவும் இல்லை. பதினொரு நாள் கழித்து அப்பாவை அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது, விழித்திரை கழன்றுவிட்டது, நடுப்பகுதியும் போய்விட்டது என்றார்கள். கொழும்புக்கு அனுப்பிச் சத்திரசிகிச்சை செய்தும் வலது கண்ணால் இன்று கை அசைவதை மட்டுமே காண்கிறார்.

ஒற்றைக் கண்ணால் ஆழம் பிடிபடுவதில்லை. பலகையில் கரி நூல் அடித்தால் கோடு சரியாக விழுகிறது. உளியை வைத்துத் தட்டும்போது கொட்டாப்புளி பெருவிரலில் இறங்குகிறது. பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. இதற்குச் சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா?

இலண்டன் திருமலையான்

தங்கச்சி, வாசிக்கவே மனம் கனக்கிறது. இங்கே இங்கிலாந்தில் இது நடந்திருந்தால் கதை வேறு. 1989ஆம் ஆண்டின் கண்ணாடியாளர் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பார்வை பரிசோதிப்பவர் கண்ணில் காயமோ நோயோ வேறு குறைபாடோ இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்று கடமை விதிக்கிறது. வில்லையின் இலக்கத்தை மட்டும் எழுதிவிட்டுக் கையைக் கழுவ முடியாது.

கவனயீனத்தால் மரணம் விளைவித்ததாக ஒரு ஒப்டோமெட்ரிஸ்ட் குற்றவாளியாகக் காணப்பட்ட வழக்கும் இங்கே நடந்தது. இப்ஸ்விச் நகரில் 2012ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கண் பரிசோதனை நடந்தது. பார்வை நரம்பின் தலை வீங்கியிருந்ததைப் பரிசோதகர் காணவில்லை. மூளையில் நீர் கட்டியிருந்த அந்தப் பிள்ளை ஜூலையில் இறந்துவிட்டது. 2016இல் அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை, ஒத்திவைக்கப்பட்டதாக, விதிக்கப்பட்டது. நீங்களும் பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். நட்டஈட்டை விட அதுதான் உறைக்கும்.

வழக்கேடு

நான் சட்டத்தரணி. இங்கே எழுதுவது பொதுவான விளக்கமே. ஆவணங்களைப் பார்க்காமல் எவரும் இறுதி ஆலோசனை கூற முடியாது.

திருமலையான் ஐயா அந்த வழக்கின் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ரோஸ் வழக்கு என அறியப்படும் அதில் 2017ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை இரத்துச் செய்தது. கடமை தவறிய அந்த நேரத்தில் பரிசோதகருக்கு உண்மையில் தெரிந்திருந்தவற்றை வைத்தே, மரண ஆபத்து வெளிப்படையாகத் தெரிந்ததா என்று பார்க்க வேண்டும். ஒழுங்காகப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதை வைத்து அந்த ஆபத்தை முன்கண்டதாகக் கொள்ள முடியாது என்பதே காரணம். கண்ணுக்குள் பார்க்கவே இல்லை என்பவர் பார்த்தும் விட்டவரை விடக் குற்றவியலில் தப்பிக்க இது இடம் கொடுக்கிறது என்று பலர் குறைகூறினார்கள். எனக்கும் அந்த மனக்குறை உண்டு. ஆயினும் தீர்ப்பு அதுதான்.

அதோடு, இங்கிலாந்தின் 26ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக முடியாது. நம்முடைய தீங்கியல் சட்டம் உரோமன்–டச்சுச் சட்டத்தில் நிற்கிறது. வழக்காளி நான்கு விடயங்களை நிலைநாட்ட வேண்டும்: எதிராளிக்குக் கவனமாக நடக்கும் கடமை இருந்தது, அந்தக் கடமையில் தவறினார், அந்தத் தவறினால்தான் பாதிப்பு வந்தது, அந்தப் பாதிப்பினால் பணமாக அளக்கக்கூடிய இழப்பு உண்டானது. உடலில் காயம் பட்டவர் தாமே வழக்காளியாக வரும்போது வேதனைக்கும் துன்பத்துக்கும் தனியாகக் கேட்கலாம்.

முதல் இரண்டில் மக்கள் நிறையப் பேசுவார்கள். வழக்குகள் தோற்பது பெரும்பாலும் மூன்றாவதில். பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிரான வழக்கு நம் நாட்டில் எல்லோரும் அறிந்தது. குழந்தை ஒன்றின் மூளைத்தண்டுக் கட்டியை உரிய நேரத்தில் கண்டறியவில்லை என்று தகப்பன் தொடுத்த வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. கவனயீனத்துக்கும் மரணத்துக்கும் இடையிலான காரணத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றது. உங்கள் தகப்பனாரின் வழக்கும் அந்த இடத்தில்தான் வந்து நிற்கும். ஜனவரி 6ஆந் திகதி வைத்தியசாலைக்கு அனுப்பியிருந்தால் கண் தப்பியிருக்குமா? இதற்கு ஒரு கண் வைத்திய நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏறி “ஆம், பெரும்பாலும் தப்பியிருக்கும்” என்று சொல்ல வேண்டும்.

பொலிஸ் முறைப்பாட்டைப் பற்றி: தண்டனைச் சட்டக்கோவையின் 329ஆம் பிரிவில் கவனயீனமான செயலால் கடுங்காயம் விளைவிப்பது குற்றம்; 311ஆம் பிரிவின்படி ஒரு கண்ணின் பார்வையை நிரந்தரமாக இழப்பது கடுங்காயம். ஏட்டில் பாதை இருக்கிறது. ஆனால் அங்கே நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். குடியியல் வழக்கில் தராசு சற்றே சாய்ந்தால் போதும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் குடியியல் வழியில் போவேன்.

ஆறுக்கு ஆறு

நான் கண் பரிசோதகர். பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இத்தகைய இழைகளில் எங்கள் தொழிலையே திட்டித் தீர்ப்பார்கள் என்பதால் வழக்கமாக ஒதுங்கிவிடுவேன். இன்று ஒதுங்க முடியவில்லை.

முதலில் எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். கண்ணுக்கு முன்னால் புள்ளி மிதப்பதாகச் சொல்லிக்கொண்டு வருபவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ஆபத்து எதுவும் இருக்காது. கண்ணின் உள்ளே இருக்கும் கண்ணாடியுடலம் வயது போகப் போகச் சுருங்கி விழித்திரையிலிருந்து விலகும். புள்ளிகள் அதனால் வருகின்றன. அந்த விலகலின்போது சிலருக்கு மட்டும் விழித்திரை கிழிகிறது. கிழிவு வழியாக நீர் உட்புகுந்தால் சுவரிலிருந்து சுண்ணாம்பு பெயர்வது போல விழித்திரை கழன்று வருகிறது. கிழிவாக இருக்கும்போதே கண்டுகொண்டால் லேசர் சுட்டு ஒட்டிவிடலாம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். கழன்ற பின் அது பெரிய சத்திரசிகிச்சை. விளிம்பில் இருக்கும் கிழிவை, கண்மணியை விரிக்காமல் பார்ப்பது கடினம். பல கடைகளில் அந்தச் சொட்டு மருந்தே கிடையாது. கால் மணித்தியாலத்துக்கு ஒருவர் என்று வரிசை வைத்து, விற்ற கண்ணாடிக்குத் தரகு கொடுக்கும் முதலாளியும் உண்டு. இவையெல்லாம் உண்மை.

ஆனால் இவற்றில் ஒன்றுகூட அவரைக் காப்பாற்றாது என்றே நினைக்கிறேன். கடையில் சொட்டு மருந்து இல்லையென்றால் ஒரு துண்டுக் கடதாசி இருக்கும்தானே? “புதிதாக மிதக்கும் புள்ளி, மின்னல், இன்றே விழித்திரை பார்க்கவும்” என்று எழுதி வைத்தியசாலைக்கு அனுப்ப ஒரு நிமிடம் போதும். எங்களிடம் எவரும் சத்திரசிகிச்சை நிபுணரின் திறமையை எதிர்பார்ப்பதில்லை. எந்தக் கண்ணை நம் கையில் வைத்திருக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். புதிய புள்ளிகளும் மின்னலும் சேர்ந்து வந்தால் அனுப்பு என்பது எங்கள் படிப்பின் முதல் வருடப் பாடம்.

தங்கச்சி, அப்பாவின் பவர் எவ்வளவு என்று சொல்லுங்கள். அட்டை ஏதாவது கையில் இருக்கிறதா?

உவர்மலை மகள்

அட்டையைக் கடையில் வைத்துக்கொண்டார்கள். எங்களிடம் இருப்பது பற்றுச்சீட்டு மட்டும். ஆனால் மகன் அன்று அந்த அட்டையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தான், வில்லையின் விலை சரியா என்று நான் பார்ப்பதற்காக. இப்போது தேடி எடுத்தேன்.

சிறிய மஞ்சள் அட்டை. மேலே அப்பாவின் பெயர், பிழையான எழுத்துக்கூட்டலுடன். வலது கண்ணுக்கு நேரே சய (மைனஸ்) 7.50, இடது கண்ணுக்கு சய 7.25. அதன் கீழே கண்மணிகளுக்கு இடையிலான தூரம் 64. “முறைப்பாடு” என்று அச்சிட்ட வரி வெறுமையாக இருக்கிறது. “உட்கண் பரிசோதனை” என்ற வரியில் நெடுக்காக ஒரு கோடு. “குறிப்பு” என்ற இடத்தில் பிரேமின் இலக்கமும் விலையும்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். கண் பார்த்தவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்குச் சிங்களம் சந்தைக்குப் போகும் அளவுக்குத்தான். கடையில் வேலை செய்யும் பையன்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தார். மகன் பாடசாலையில் சிங்களம் இரண்டாம் மொழியாகப் படிக்கிறான். அப்பா நுளம்பையும் மின்னலையும் விவரமாகச் சொன்னார் என்றும், அந்த அண்ணா “பெனீம அடுய்” என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டார் என்றும் அன்றைக்கே வீட்டில் சொல்லிச் சிரித்தான். பார்வை குறைவு என்று பொருள். அப்போது நாங்களும் சிரித்தோம்.

ஆறுக்கு ஆறு

சய ஏழரை! அந்த அளவு குறும்பார்வை உள்ள கண் நீளமாக இழுபட்டிருக்கும், விழித்திரை மெலிந்திருக்கும், கிழியும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம். அந்த இலக்கத்தை எழுதிய கைக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நோயாளி வாயே திறக்காவிட்டாலும் “புள்ளி ஏதும் தெரிகிறதா, மின்னல் வெட்டுகிறதா” என்று பரிசோதகர்தான் கேட்டிருக்க வேண்டும்.

உட்கண் பரிசோதனை வரியில் இழுத்த கோட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது “பார்க்கவில்லை” என்றும் ஆகலாம், “பார்த்தேன், ஒன்றுமில்லை” என்றும் ஆகலாம். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதற்காகவே கோடு போடாதே, சொல்லால் எழுது என்று ஓதிக்கொண்டே இருக்கிறேன்.

கிண்ணியாப் பாலம்

அஸ்ஸலாமு அலைக்கும். மொழிபெயர்ப்பு விடயத்தில் எங்கள் வீட்டிலும் ஒன்று நடந்தது. வாப்பாவுக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை பவர் மாறியது. வேறொரு கடையில் இரண்டு முறையும் புதுக் கண்ணாடி கட்டிக் கொடுத்தார்கள். பிறகு பார்த்தால் இரத்தத்தில் சீனி 380. சீனி ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை வீங்கிப் பவரும் கூடவே ஏறி இறங்குமாம். “அடிக்கடி தாகம் எடுக்கிறதா” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், யாரும் கேட்கவில்லை. நாங்கள் நட்டமாகியது இரண்டு கண்ணாடிக் காசுதான் என்று விட்டுவிட்டோம்.

என் கேள்வி இதுதான்: மொழி தெரியாததால் பரிசோதகருக்கு முறைப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்றால், பிழை அந்தப் பையன் மீதா, அவர் மீதா, கடை மீதா?

வழக்கேடு

கிண்ணியா நண்பரின் கேள்விதான் இந்த வழக்கின் கழுத்து. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்ததும் அதைத்தான் பிடிப்பார்: “என் கட்சிக்காரரிடம் மின்னலைப் பற்றி எவரும் சொல்லவில்லை, பார்வை குறைவு என்றார்கள், அதற்கு உரியதைச் செய்தார்.”

இதற்கு மறுமொழி உண்டு. உரோமன் சட்டத்திலிருந்து நமக்கு வந்த கோட்பாடு ஒன்று, திறமையின்மையும் தவறாகவே எண்ணப்படும் என்கிறது. தன்னால் செய்ய முடியாததை அல்லது தன்னிடம் உள்ள வசதியைக் கொண்டு செய்யக்கூடாததை ஒருவர் ஏற்றுச் செய்தால், ஏற்றதே தவறு. தமிழ் பேசும் மக்கள் வரும் ஊரில், அவர்களுடைய முறைப்பாட்டை விளங்கிக்கொள்ள ஒழுங்கு செய்யாமல் கண் பார்க்க உட்காருவதும் அந்த வகையில் வரும் என்று நான் வாதிடுவேன். தென்னாபிரிக்க நீதிமன்றம் 1914இல் மிச்செல் எதிர் டிக்சன் வழக்கில், வைத்தியர் ஆகக் கூடிய திறமையைக் காட்ட வேண்டியதில்லை, நியாயமான திறமையும் கவனமும் காட்டினால் போதும் என்றது. அவர்களுடையதும் உரோமன்–டச்சு மரபு என்பதால் நம் நீதிமன்றங்களில் அது காதில் ஏறும். நியாயமான பரிசோதகர் ஒருவர் முறைப்பாட்டு வரியை வெறுமையாக விடுவாரா என்பதே கேள்வி. ‘ஆறுக்கு ஆறு’ போன்ற ஒருவர் விடமாட்டார் என்று சாட்சி சொன்னால், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின் கீழ் அது நிபுணர் கருத்தாக ஏற்கப்படும்.

கடையைப் பற்றி: “அவர் எங்கள் ஊழியர் அல்ல, வந்து போகிறவர்” என்று சொல்வார்கள். பற்றுச்சீட்டு யாருடைய பெயரில் இருக்கிறது? அட்டையில் யாருடைய பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது? கண் பரிசோதனை இலவசம் என்று பலகை மாட்டியிருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள். மொழிபெயர்த்த பையன் ஊழியர் என்பதில் சந்தேகமே இல்லை. ஊழியர் வேலையின்போது செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு. ஆகவே பரிசோதகர், கடை உரிமையாளர் இருவரையும் எதிராளிகளாகச் சேர்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தாதி

கண் வாட்டில் பல வருடம் இருந்தவள் நான். மகள், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், கோபிக்காதீர்கள். விழித்திரை ஓரிரவில் முழுதாகக் கழலுவது அரிது. முதலில் ஓரத்தில் ஒரு நிழல் வரும். திரை இழுத்தது போலவோ, கீழிருந்து கறுப்பு ஏறுவது போலவோ நோயாளிகள் சொல்வார்கள். நடுப்பகுதி ஒட்டியிருக்கும்போது வந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சையின் பின் பார்வை நன்றாகத் திரும்பும். அது கழன்ற பின் வருபவர்களுக்கு அப்படியல்ல. அதனால்தான் அனுமதிக்கும்போது, நிழல் எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டுக் கட்டில் அட்டையில் எழுதுவோம். அப்பாவின் அட்டையில் என்ன திகதி எழுதப்பட்டிருக்கிறது?

உவர்மலை மகள்

அம்மா, இந்தக் கேள்வி வரும் என்று பயந்துகொண்டுதான் இருந்தேன். முதற் பதிவில் இதை எழுதாமல் விட்டது என் பிழை.

நிழல் 13ஆந் திகதி காலையில் தொடங்கியது. கீழிருந்து கறுப்பு ஏறுகிறது என்று அப்பா சொன்னார். 15ஆந் திகதி பொங்கல். பொங்கலன்று குடும்பத்தின் மூத்த மகனான தான் வைத்தியசாலையில் படுத்துக் கிடந்தால் பானை வைப்பது யார் என்று அவரே தள்ளிப்போட்டார். கடைக்காரர் வயதுக்கு வருவது என்று சொன்னதால் நாங்களும் பெரிதாக எடுக்கவில்லை. 17ஆந் திகதி கொண்டுபோனோம். விடுகைப் பத்திரத்தில் “நான்கு நாட்களாக நிழல்” என்று எழுதியிருக்கிறது.

எங்கள் பக்கமும் பிழை இருந்தால் வழக்கு அத்தோடு முடிந்ததா?

வழக்கேடு

முடியவில்லை. சொன்னது நல்லதாகப் போயிற்று. நீதிமன்றத்தில் முதன்முறையாகக் கேட்டிருந்தால் எனக்கு வியர்த்திருக்கும்.

1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பங்களிப்புக் கவனயீனத்தைப் பற்றியது. பாதிக்கப்பட்டவரிடமும் தவறு இருந்தால் வழக்கு தள்ளப்படுவதில்லை; அவருடைய பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறைக்கப்படும். அந்த நான்கு நாள் தாமதம் ஏன் நேர்ந்தது என்பதும் பார்க்கப்படும். ஆபத்தான அறிகுறியோடு வந்தவரிடம் வயதுக்கு வருவது என்று சொல்லி அனுப்பியவர், பிறகு அவர் பயப்படவில்லை என்று குறை சொல்வது எளிதல்ல. “நிழல் தெரிந்தால் அந்த நிமிடமே ஓடுங்கள்” என்று ஒரு வார்த்தை எச்சரித்திருந்தால் நிலைமை வேறு.

எச்சரிக்கும் கடமையைப் பற்றிய பெரிய தீர்ப்பு ஒன்று கண் சம்பந்தமானதே. அவுஸ்திரேலியாவில் 1992ஆம் ஆண்டின் ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர் வழக்கு. சிறுவயதிலேயே வலது கண் கெட்டுப்போன பெண் அதற்குச் சத்திரசிகிச்சை செய்தார். நல்ல கண்ணும் பாதிக்கப்படலாம் என்ற, ஏறத்தாழ 14,000இல் ஒன்று என்ற ஆபத்தை வைத்தியர் சொல்லவில்லை. அந்த ஒன்று அவருக்கு நேர்ந்தது. எதைச் சொல்வது என்பதை வைத்தியர்களின் வழக்கம் மட்டும் தீர்மானிக்காது, அந்த நோயாளிக்கு எது முக்கியமோ அதைச் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம். தென்னாபிரிக்கா 1994இல் அதே வழியில் சென்றது.

இப்போது காரணத் தொடர்பு. தாதி அம்மாவின் கேள்வி எதிராளிக்கு உதவுவது போலத் தோன்றினாலும் உங்களுக்கே கூடுதலாக உதவுகிறது. நிழல் 13ஆந் திகதிதான் தொடங்கியது என்றால், 6ஆந் திகதி விழித்திரை பெரும்பாலும் கிழிவாக மட்டுமே இருந்திருக்கிறது, கழலவில்லை. லேசரால் தீர்ந்திருக்கும் கட்டம் அது. சொய்சா வழக்கில் இல்லாத பாலம் இங்கே இருக்கக்கூடும். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்த நிபுணரின் குறிப்புகளை எடுங்கள். அரச வைத்தியசாலை என்பதால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அப்பாவே விண்ணப்பிக்கலாம்.

காலக்கெடுவை மறக்க வேண்டாம். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி தீங்கியல் வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று வாதாட இடமிருந்தாலும், கடைக்குப் போன நாளிலிருந்தே எண்ணி 2026 ஜனவரி 6க்கு முன் முடித்துக்கொள்வது நல்லது. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டு உண்டு. கடைக்கும் அப்பாவுக்கும் இடையே ஒப்பந்தம் இருந்தது என்பதை மாற்றுக் கோரிக்கையாக வைக்கலாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுதியிருக்க வேண்டும், அது போய்விட்டது. வருமானம் குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். அப்பா கடந்த ஐந்து வருடத்தில் கட்டிய வள்ளங்களின் கணக்கு, கூலி வாங்கிய துண்டு, வள்ளக்காரர்களின் கடிதம் எல்லாம் தேவைப்படும். தச்சரின் வருமானத்துக்குச் சம்பளப் பட்டியல் இல்லை என்று நீதிமன்றத்துக்கும் தெரியும்.

இலண்டன் திருமலையான்

வழக்கேடு தம்பி, நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று. ‘ஆறுக்கு ஆறு’ சொன்னது போலக் கடைகளில் சொட்டு மருந்து வைப்பது வழக்கமில்லை என்றால், “எல்லோரும் இப்படித்தான்” என்பது எதிர்த்தரப்பின் கவசமாகிவிடாதா?

ஆறுக்கு ஆறு

ஐயா, அதற்கு எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த அமெரிக்க வழக்கு ஒன்று உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் 1974இல் தீர்ந்த ஹெலிங் எதிர் கேரி. ஓர் இளம் பெண் ஆண்டுக்கணக்காகக் கண் வைத்தியர்களிடம் போய்வந்தார். கண்ணழுத்தத்தை எவரும் அளக்கவில்லை. இறுதியில் அளந்தபோது குளுக்கோமா பார்வையைத் தின்றுவிட்டது. நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களில் 25,000 பேருக்கு ஒருவருக்கே அந்நோய் வரும், ஆகவே அந்த வயதில் அளக்கும் வழக்கமில்லை என்று வைத்தியர்கள் வாதிட்டார்கள். பரிசோதனை எளிது, மலிவு, தீங்கற்றது. தொழிலின் வழக்கம் அதுவாக இருந்தாலும் செய்யாதது கவனயீனமே என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு மிகையானது என்று பலர் எழுதினார்கள். மற்ற மாநிலங்கள் பெரிதாகப் பின்பற்றவும் இல்லை. நானும் அதை முழுதாக ஏற்கமாட்டேன். ஆரோக்கியமாக வரும் ஒருவருக்கு எல்லாப் பரிசோதனையும் செய்யாதது பிழை என்றால் எவரும் கடை திறக்க முடியாது.

ஆனால் அந்தப் பெண்ணிடம் நோயைச் சுட்டும் அறிகுறி தெளிவாக இருக்கவில்லை. இந்த அப்பாவிடம் இருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

வழக்கேடு

வழக்கம் என்பது சாட்சியம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் 1957ஆம் ஆண்டின் போலம் வழக்கு பொறுப்புள்ள தொழிலாளர் குழு ஒன்றின் வழக்கத்துக்கு மதிப்புக் கொடுத்தது. 1997இல் பொலித்தோ வழக்கில், அந்த வழக்கம் தர்க்கத்துக்குப் பொருந்தாவிட்டால் நீதிபதி அதை ஒதுக்கலாம் என்று பிரபுக்கள் சபை திருத்தியது. சொட்டு மருந்து வைக்காதது வழக்கமாக இருக்கலாம். சொட்டு மருந்தும் இல்லை, வைத்தியசாலைக்குக் கடிதமும் இல்லை என்பதை எந்தக் குழு வழக்கமென்று சொல்லப்போகிறது?

தங்கச்சி, கோரிக்கைக் கடிதம் அனுப்புவதற்கு முன் கடையிடமிருந்து அட்டையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சண்டை பிடிக்க வேண்டாம். வேறு வைத்தியரிடம் காட்ட என்று கேளுங்கள், அது பொய்யும் அல்ல.

உவர்மலை மகள்

நேற்றுத் தம்பி போய் வாங்கி வந்தான். மரியாதையாகவே கொடுத்தார்கள்.

மகன் எடுத்த படத்தையும் இந்தப் பிரதியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இலக்கங்கள் எல்லாம் ஒன்றே. ஆனால் பிரதியில் “குறிப்பு” என்ற இடத்தில், பிரேமின் விலைக்குக் கீழே, சிங்களத்தில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. மகனை வாசிக்கச் சொன்னேன். “கண் கிளினிக்குக்குப் போகச் சொல்லப்பட்டது.” அந்த வரியில் திகதி இல்லை.

வழக்கேடு

இதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுத வேண்டாம். எவரையும் குற்றஞ்சாட்டவும் வேண்டாம். கண்ணாடியை எடுக்கப் போன நாளில்கூட அது எழுதப்பட்டிருக்கலாம். யார், எப்போது எடுத்தீர்கள்?

உவர்மலை மகள்

19ஆந் திகதி தம்பிதான் எடுத்தான். அப்பா அப்போது கொழும்பில் இருந்தார் என்று அங்கே சொல்லியும் இருக்கிறான். அப்படியானால் அன்றைக்கு எழுதியிருக்கலாம். நியாயத்துக்கு அதையும் சொல்ல வேண்டும்.

வழக்கேடு

அப்படியென்றால் நமக்கு வேண்டியது மூல அட்டை. மைக்கும் பேனைக்கும் பிரதியில் உயிரில்லை. கோரிக்கைக் கடிதத்தில் நட்டஈட்டுத் தொகைக்கு முன்பாகவே, மூல அட்டையை மாற்றமின்றிப் பாதுகாத்து வைக்கும்படி ஒரு பந்தி எழுதுகிறேன். மகனின் கைத்தொலைபேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம்; படத்தை வேறு இடத்தில் ஏற்றி வைத்தாலும் முதலில் எடுத்த கருவி கையில் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு அப்பாவையும் அழைத்து வாருங்கள். பழைய கண்ணாடியையும் எடுத்து வாருங்கள், புதியதையும்.

உவர்மலை மகள்

புதிய கண்ணாடி இன்னும் அந்தக் கடையின் உறைக்குள்தான் இருக்கிறது. அப்பா அதை ஒரு நாளும் போடவில்லை. கொண்டுவருகிறேன்.